குளவி முடக்குல சொன்ன சேதி

கொட்டகலையில எவன் செத்தாலும் என் வாயாலதான் சாவான்னு என் வீட்டுக்காரரு பிரதாப்பு கேலி பண்ணுவாரு. அது பொய்யில்ல. எங்க ஆட்டோ கூரையில ரெண்டு குழாய் ஸ்பீக்கரு, பின்னால மைக்கைப் புடிச்சுக்கிட்டு நான். சாவுச் சேதி, கோயில் திருவிழா, தண்ணி வெட்டு, கண் பரிசோதனை, காணாம போன பசு மாடு, எதா இருந்தாலும் வினோதா சொன்னாத்தான் சுத்துப்பட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் காதுல ஏறும். பேஸ்புக்குல போட்டா எளசுங்க பாக்கும். மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிற பொம்பளைக்கு யாரு சொல்றது? நான்தான் சொல்லணும்.

போன மார்ச்சு மாசம் பஜார்க்காரங்க ஒண்ணு கூடி சாப்பாட்டு வாரம்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. ஏழு ஹோட்டல், ஏழு நாளு. ரெண்டு கொத்துரொட்டி எடுத்தா ரெண்டு பிளேன்டீ சும்மா. குடும்பமா வந்தா புரியாணியில கால்வாசி தள்ளுபடி. கடைசி நாளு சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு ரைஸ் குக்கர். தோட்டம் தோட்டமாப் போயி சொல்லணும்னு எங்களைப் புடிச்சாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. காலையில சுட்ட ரொட்டியையும் சம்பலையும் முடிஞ்சுக்கிட்டு மலை ஏறுறவளைப் பாத்து, குடும்பத்தோட புரியாணிக்கு வாங்கன்னு கூப்புடணுமாம். ஆனா தொழில்னு வந்துட்டா நான் வெக்கம் பாக்குறதில்ல. "ஏழு நாளும் ஏழு ருசி! வாங்க, வந்து வயிறாரச் சாப்புடுங்க!"ன்னு நான் இழுத்து விட்டா, சாப்புட்டு முடிச்சவனுக்கே திரும்பப் பசிக்கும்.

எங்க தோட்டத்துல நாலாம் நம்பர் மலைக்கு எதுக்க, ரோட்டு ஓரத்துல ஒரு பெரிய மரம் நிக்குது. உச்சியில மொறம் அகலத்துக்கு மூணு குளவிக்கூடு. எடுத்துப் போடுங்கன்னு ஆபீசுல சொல்லிச் சொல்லி கங்காணிக்கே வாய் வலிச்சுப் போச்சு. அந்த வளைவுக்குப் பேரே குளவி முடக்குதான். பஸ்காரன் அங்க ஹோர்ன் அடிக்க மாட்டான். கல்யாண வேன் வந்தாலும் பாட்டை நிப்பாட்டிரும். முடக்கு வந்தா பிரதாப்பு கையைக் காட்டுவாரு, நான் ஸ்பீக்கரை அணைச்சிருவேன். கைப்புள்ளைங்களை விட்டுட்டுப் போற புள்ளைக்காம்பராவைத் தாண்டினப்பறம்தான் திரும்ப வாயைத் தொறப்பேன். இது எட்டு வருசப் பழக்கம்.

அன்னைக்குப் புதங்கிழமை, பதினொரு மணி இருக்கும். மலையில பொம்பளைங்க வரிசையா கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நடுவுல காளியாயி அக்கா. எங்க லயத்து வீட்டு வரிசையில மூணாவது காம்பரா அதுக்கு. எனக்கு ரெண்டு புள்ளை பொறந்தப்பவும் பத்தியம் ஆக்கிப் போட்டது அதுதான். பெத்த தாயிகூட அம்புட்டுச் செய்ய மாட்டா. அதோட வீட்டுக்காரரு மூக்கன் மாமா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறவரு. வெள்ளன வேலையை முடிச்சுட்டு, பொஞ்சாதி சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்கணும்னு மலையடியில மூணு கல்லைக் கூட்டி டின்னுல தண்ணி கொதிக்க வைப்பாரு. அம்பத்தஞ்சு வயசுல அப்புடி ஒரு ஆசை. மத்தவளுங்க அதைச் சொல்லியே காளியாயி அக்காவைக் கிண்டி எடுப்பாளுங்க. அன்னைக்கும் அடுப்பு பொகைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. காத்து கீழ்ப்பக்கமா அடிச்சுது. பொகை பூரா ஆத்துப் பக்கம் போச்சு. இதை நான் நல்லாப் பாத்தேன், இப்பக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன்.

நாங்க சத்தத்தை அணைச்சுட்டு மெதுவாப் போறோம், மேலேருந்து காளியாயி அக்கா கத்துது.

"ஏன்டி வினோ! ஊருக்கெல்லாம் கூவுற, எங்க மலைக்கு வந்தா மட்டும் ஊமையாயிருறியே! நாங்க கொத்துரொட்டி திங்க மாட்டமா?"

மத்தவளுங்க கொல்லுன்னு சிரிச்சாளுங்க. நான் தலையை வெளிய நீட்டி மரத்தைக் காட்டினேன்.

"குளவிக்கா!"

"அதுங்களையும் சேத்துக் கூப்புடு. வந்து புரியாணி தின்னுட்டுப் போகட்டும்!"

எனக்கும் சிரிப்பு. பிரதாப்பு, "வேணாம் வினோ"ன்னாரு. தெளிவாத்தான் சொன்னாரு. ஒரே ஒரு வரிதானேன்னு எனக்குத் திமிரு. ஆசையாக் கேக்குதே, சொன்னா என்ன கொறைஞ்சா போயிரும்னு பட்டனைத் தட்டிட்டேன். "நாலாம் நம்பர் மலை அக்காமாரே! உங்களுக்கும்தான், ஏழு நாளும் ஏழு ருசி!" ருசின்னு முடிக்கல, மைக்கும் ஸ்பீக்கரும் ஒண்ணுக்கொண்ணு இழுத்து கீஈஈச்சுன்னு ஒரு கூவல். ஸ்பீக்கரு வாயி நேரா மரத்தைப் பாத்து இருந்துச்சு.

நடுக்கூட்டு மேல தண்ணியில கல்லு விழுந்தாப்புல ஒரு அலை ஓடுச்சு. அடுத்த நொடி கூட்டுல இருந்த குளவி பூரா அப்புடியே கழண்டு பறந்து வந்துருச்சு. "ஐயோ, ஓடுங்கடி!"ன்னு மைக்லயே கத்தினேன். பிரதாப்பு ஆட்டோ ஓரத்து மழைப் படங்கை இழுத்துவிட்டு முறுக்கிட்டாரு. நாங்க தப்பிச்சிட்டோம். நுணலும் தன் வாயால கெடும்பாங்க. இங்க நுணல் தப்பிச்சிருச்சு, பக்கத்துல நின்ன சீவன்தான் போச்சு.

அனுபவப்பட்டவளுங்க இடுப்பைச் சுத்திக் கட்டியிருந்த படங்கைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டு தேயிலைக்கு அடியில குப்புறப் படுத்துட்டாளுங்க. காளியாயி அக்கா ஓடுச்சு. ஓடக்கூடாதுன்னு அதுக்குத் தெரியாதா? முப்பது வருசம் மலை ஏறினது. இருந்தும் மூக்கன் மாமா நின்ன பக்கமா ஓடி, தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துருச்சு. அவரு கோட்டைக் கழட்டி அது மேல போத்தி, அதுக்கு மேல தானும் படுத்தாராம். பதினோரு பேரைக் கொழுந்து லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மூணு மணிக்கு காளியாயி அக்கா கண்ணை மூடிருச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல மூஞ்சியெல்லாம் வீங்கி, கண்ணுத் தெரியாம உக்காந்துக்கிட்டு மூக்கன் மாமா நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு. "நான்தான் தீ வச்சேன். பொகையைக் காட்டிக் குளவியைக் கெளப்பிவிட்டேன். என் கையாலயே என் காளியைக் கொன்னுட்டேன்." எல்லாரும் ஆமான்னும் சொல்லாம, இல்லைன்னும் சொல்லாம நின்னாங்க. நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். அப்பவே வாயைத் தொறந்திருக்கணும். பிரதாப்பு என் மணிக்கட்டை நெரிச்சுப் புடிச்சாரு. "சொன்னா ஆட்டோவைக் கொளுத்திருவாங்க. உன்னைப் போலீசுல குடுத்துருவாங்க. புள்ளைங்களை நெனச்சுப் பாரு"ன்னு காதுக்குள்ள சொன்னாரு.

உள்ள போனா, கட்டில்ல கெடந்த ஜெயந்தினி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. அவளும் அதே வரிசையில நின்னவ. "நீ மட்டும் மைக்ல ஓடுங்கன்னு கத்தலைன்னா எல்லாரும் போயிருப்போம்க்கா"ங்குறா. மத்ததுங்களும் அதையேதான் சொல்லுதுங்க. அந்தக் கீச்சு சத்தத்தையே நான் போட்ட அபாயச் சத்தம்னு நெனச்சிருக்குதுங்க. திருடனுக்குத் தேள் கொட்டினாப்புல நின்னேன். ஒருத்தி என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. சீ, என்ன ஜென்மம் நான், கையை இழுத்துக்காம நின்னேன்.

மறுநாள் காலையில ஆபீஸ் கிளாக்கரு ஒரு தாளைக் கொண்டாந்து குடுத்தாரு. ஊர்ச் சேதியோட இதையும் வாசிக்கணுமாம். "தோட்ட மக்களுக்கு ஓர் அறிவித்தல். நாலாம் நம்பர் மலையில் மூட்டப்பட்ட தீயினால் எழுந்த புகையே குளவிகள் கலைவதற்குக் காரணமாகும். மலைகளில் தீ மூட்டுவது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது." பேரைப் போடல. போடணுமா என்ன, தோட்டத்துக்கே தெரியும். கூட்டை எடுக்காத குத்தம் அவங்களுக்கு, சத்தம் போட்ட குத்தம் எனக்கு. ரெண்டு பேருக்குமே அந்தப் பொகை நல்ல வசதியாப் போச்சு.

வாசிச்சேன். ரெண்டு நாளு வாசிச்சேன். முதல்ல காளியாயி அக்கா சாவுச் சேதி, அப்புறம் ஆபீஸ் அறிவித்தல், அப்புறம் ஏழு நாளும் ஏழு ருசி. சாப்பாட்டு வாரம் முடியலையே, எடுத்த வேலையை விட முடியுமா? எங்க லயத்து ரோட்டுல வரும்போது, அக்கா பொட்டியைச் சுத்தி உக்காந்திருந்த சனம் என் சத்தத்தைக் கேட்டு அமைதியாயிருச்சு. அறிவித்தலை வாசிக்கையில நான் நிமிந்து பாக்கல. நான் நிப்பாட்டினதும் ஒப்பாரி திரும்ப ஆரம்பிச்சுது.

அதுக்கப்புறம் மூக்கன் மாமா காம்பராவுல அடுப்பு எரியல. பக்கத்து வீட்டுச் சோத்தைக் குடுத்தா ஆற வச்சுத்தான் திங்கிறாரு. தேத்தண்ணியைத் தொடுறதில்ல. யாராவது பீடி பத்த வச்சா எந்திரிச்சு வெளிய போயிருறாரு. மலை வேலையை மேற்பார்க்குற கண்டாக்கு வந்து வேலைக்கு வாங்கன்னு கூப்புட்டும், கையைக் காட்டி, "இந்தக் கையை மலையில வைக்கக் கூடாதுங்க"ன்னு சொல்லிட்டாராம். சுவரு மறைவுல இருந்து நான் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குச் சோறு எறங்கல. ஒரு வரி சொன்னா அந்த மனுசன் அடுப்பைப் பத்த வைப்பாரு, அந்த ஒரு வரி என் வாயில கெடந்து புளிக்குது.

பதினாலாம் நாளு பிரதாப்புகிட்டக் கேக்காமலே போயிட்டேன். மூக்கன் மாமா காம்பராவுக்கு முன்னால இஸ்தோப்புத் திண்ணையில குந்தியிருந்தாரு. மூஞ்சி வீக்கம் வத்தி, ஆளு பாதியாயிட்டாரு. நான் அவரு காலடியில உக்காந்துட்டேன்.

"மாமா, பொகையால இல்ல. நான்தான். அக்கா கேட்டுச்சுன்னு முடக்குல ஸ்பீக்கரைப் போட்டேன். அது கீச்சுன்னுச்சு, கூடு கழண்டுச்சு, என் கண்ணால பாத்தேன். உங்க பொகை ஆத்துப் பக்கம்தான் போச்சு. பிரதாப்பு வேணாம்னு சொல்லியும் கேக்கல மாமா. அக்காவைக் கொன்னது நான். என்னை அடிங்க, போலீசுல குடுங்க, என்ன வேணும்னாலும் செய்யுங்க."

முழுசாக் கேட்டாரு. அப்புறம் என் தலை மேல கையை வச்சாரு.

"என்னைத் தேத்துறதுக்கா தாயி உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிற?"

"தேத்துறதுக்கு இல்ல மாமா! சத்தியமா! என் புள்ளைங்க மேல சத்தியம்!"

"புள்ளைங்களை இழுக்காத. ஓடுங்கன்னு கத்தி பத்து உசிரைக் காப்பாத்தினவ நீ. ஜெயந்தினி வந்து சொல்லிட்டுப் போனா."

"அது அதுக்கப்புறம் கத்தினது மாமா. மொதல்ல..."

"போதும் தாயி. பொட்டி பக்கத்துல உக்காந்து என் காதால கேட்டேன். பொகைதான் காரணம்னு ரெண்டு நாளு ஊரெல்லாம் சொன்ன. பொய்யா இருந்தா நீ வாசிச்சிருப்பியா? அதுவும் காளியாயி கெடந்த வாசல்ல?"

அழுதேன். அவரு பாவம், அதையும் பாசம்னு நெனச்சு என் முதுகைத் தடவிக் குடுத்தாரு. நான் எழும்பையில அவரு மடியிலேருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாரு. நாளன்னைக்குக் கருமாதி, அந்தச் சேதியையும் நீயே சொல்லிரு தாயின்னாரு.

மறுநாள் காலையில எங்க லயத்து ரோட்டுலேருந்துதான் ஆரம்பிச்சோம். காளியாயி அக்கா பேரு, கருமாதி நேரம், இடம், எல்லாம் வாசிச்சேன். அடியில இன்னொரு வரி இருந்துச்சு, அவரு சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் குடுத்தது. அதை விட்டுட்டு மைக்கை அணைச்சேன். லயத்து முனையில நின்னு கேட்டுக்கிட்டிருந்த மூக்கன் மாமா கையை உசத்தி ஆட்டோவை மறிச்சாரு.

"ஒரு வரி விட்டுப் போச்சு தாயி"ன்னாரு.

பிரதாப்பு என்னைப் பாக்கல. திரும்ப மைக்கைப் போட்டு, "மலையில் யாரும் தீ மூட்ட வேண்டாம். இப்படிக்கு, தீ மூட்டிய மூக்கன்"னு அதையும் வாசிச்சேன்.