குடை வாத்தியார் பெயரில் ஒரு மண்டபம்

அப்பா செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அவரை மகானாக்கிவிட்டார்கள். யார்? அவர் உயிரோடு இருந்தவரை "பைத்தியம்" என்றார்களே, அந்தப் புண்ணியவான்கள்தான்.

அப்பா கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். பிறகு தேர்தலில் நின்று, சட்டமன்றத்துக்குப் போய், ஊழல்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர். அரசுக் கட்டடம் எங்கே திறந்தாலும் அழையா விருந்தாளியாகப் போய் நிற்பார். குடை நுனியால் சுவரைக் குத்துவார். ஒழுங்கான பூச்சு என்றால் குடை வழுக்கும். திருட்டுப் பூச்சு என்றால் உள்ளே இறங்கும். "குடை வாத்தியார்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் குடையை வைத்தே ஒரு ஒப்பந்தக்காரனைக் கோர்ட்டுக்கு இழுத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

அதே ஒப்பந்தக்காரன் கட்டிய கல்லூரி மண்டபத்துக்கு அப்பா பெயராம். பெயர்ப்பலகையின் திரையை அம்மா விலக்க வேண்டுமாம். விலக்கினால், "குடும்பமே என்னை நம்பிவிட்டது" என்று மறுநாளே கோர்ட்டில் பல்லை இளிப்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"போகாதம்மா" என்றேன். அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மண்டபத்தில் அமைச்சர், துணைவேந்தர், ஒப்பந்தக்காரன் மூவரும் குழைந்தார்கள். துணைவேந்தர் அப்பாவிடம் படித்தவர். பதவி வந்ததும் அப்பாவைப் பல்கலைக்கழக வாசலிலேயே நிறுத்தியவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

குடையைப் பார்த்து ஒப்பந்தக்காரன் சிரித்தான். "அம்மா, சார் மாதிரி நீங்களும் குத்திப் பாருங்க. இந்த மேடைச் சுவரு சும்மா இரும்பு மாதிரி!"

அம்மா குத்தினாள். குடை வழுக்கியது. ஒரே கைதட்டல். தயாராகத்தான் இருந்திருக்கிறான், திருட்டுப்பயல்.

அம்மா அமைச்சரிடம் திரும்பினாள். "தம்பி, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

வயதானவளுக்கு அவசரம் என்று எல்லோரும் பதறினார்கள். துணைவேந்தரே முன்னால் ஓடி வழிகாட்டினார். அந்த ஆளின் தகுதிக்கு ஏற்ற வேலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டுகிற சுவரை அப்பா ஒருநாளும் நம்பியதில்லை. நேரே கழிவறைக்குத்தான் போவார். போட்டோ எடுக்காத சுவரில்தான் திருடுவான்கள் என்பார். இந்த ஒப்பந்தக்காரன் வழக்கில் சிக்கியதே ஒரு கழிவறைச் சுவரால்தான். பட்டும் புத்தி வரவில்லை. அப்பா பெயர் வைக்கிற கட்டடத்தில்கூட நாலு மூட்டை சிமெண்டை விட்டுவைக்க மனசு வரவில்லை, பரதேசிக்கு.

அம்மா உள்ளங்கை நிறைய, கழிவறைச் சுவரிலிருந்து உதிர்ந்த மணலோடு வந்தாள். திரைக் கயிற்றை நீட்டிய அமைச்சரின் கையில், மைக்குக்கு முன்னாலேயே கொட்டினாள்.

"இதுல எங்க வீட்டுக்காரர் பேரு நிக்காது தம்பி, உதிர்ந்துரும். உங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் பேர வைங்க. அதான் பொருத்தம்."

அந்தத் திரை இன்றும் மூடியேதான் கிடக்கிறது. ஊரில் உள்ள குழாயடிக்கெல்லாம் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்கிற கூட்டம். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் ஒருத்தனும் பெயர் கொடுக்க வரவில்லை.