பலகையின்கீழ் நின்ற தாய்

கருங்கல் மலை காலை வெயிலைத் தன் வெற்றுத் தோள்களில் ஏந்தி வெண்கலம்போற் சுடர, அதன் அடியிற் படர்ந்த திண்டுக்கல் நகரில் பூட்டுப் பட்டறைகளின் அரம் உராயும் ஒலியும், தோற்கிடங்குகளின் நெடியும், அடுப்பேறிய ஊன்சோற்றின் மணமும், வேடசந்தூர் ஆலைகளுக்கு ஆளேற்றிச் செல்லும் பேருந்துகளின் உறுமலும் ஒன்றோடொன்று விரவி எழும் பங்குனித் திங்களின் முற்பகற் பொழுது அது. சாணார்பட்டித் தோட்டங்களில் விடியுமுன் கொய்த மல்லிகையைக் கூடை கூடையாய் விற்றுத் தீர்த்த உழவர் ஊர் திரும்பும் அவ்வேளையில், வேம்பின் நிழலைப் போர்த்து நின்ற ஒரு தெருமுனை நூலகத்தின் கதவுகள் திறந்தன.

அங்கே நூற்பட்டியல் வகுக்கும் பணியில் இருந்த புவனேசுவரி, திருக்கோயில் விளக்கிற்குத் திரி திருத்துவார் கருத்தோடு, பதினொரு நாளாய் மருத்துவ நூல்கள் நானூற்றுப் பன்னிரண்டையும் பிரித்து, எண்ணிட்டு, அடுக்கி முடித்திருந்தாள். கண், நெஞ்சு, மகப்பேறு, மனப்பிறழ்வு எனப் பெரிய எழுத்திற் பலகைகள் தீட்டுவித்து, செய்தித்தாள் படிப்போர் அமர்ந்த கூடத்தை நோக்கி அவற்றைத் தொங்கவிட்டிருந்தாள். அன்று மாலைக்குள் பட்டியல் தலைமையகம் சேர்தல் வேண்டும். அச்சேறிவிட்டால் ஐந்தாண்டுக்கு மாற்றம் இல்லை. ஆயின், கற்றறிந்த அப்பெண்ணும் ஓரிடத்திற் பிழை செய்தாள். வலிப்பு நோய் பற்றிய நூல்கள் ஏழினை, பழைய கைப்பதிவேடு காட்டிய வழியே, ஏட்டைப் புரட்டியும் பாராமல், மனப்பிறழ்வுப் பலகையின்கீழ் வைத்துவிட்டாள்.

மூன்று நாளாய் ஒரு தாய் அந்த அடுக்கிற்கு எதிரே வருவதும், பலகையை அண்ணாந்து பார்ப்பதும், கூடத்தைத் திரும்பி நோக்குவதும், நீரருந்த வந்து முதலையைக் கண்ட மான்போல் பின்வாங்குவதுமாய் இருந்தாள். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மனைவியாகிய அவள் பெயர் அஜீஸுன்னிசா. அன்றோ, சமையல் நூல் ஒன்றை விரித்துப் பிடித்தபடி மூலையில் அமர்ந்து நெடுநேரம் படித்தாள். நூல்களை அடுக்கிக்கொண்டு வந்த உதவியாளன் அழகுராஜாவுக்கு அது வேடிக்கையாயிற்று.

“என்னக்கா, பிரியாணிப் புஸ்தகம் இம்புட்டுக் கனமா இருக்கு? உள்ள ஆட்டையே வச்சுத் தச்சுட்டாய்ங்களா?” என்று சிரித்தவாறு அவன் அதைத் தூக்க, உள்ளிருந்து வலிப்பு நோய் பற்றிய சிற்றேடு நழுவித் தரையில் விழுந்தது. கூடத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. அவள் முகம் வெயிலில் வீழ்ந்த தளிராய் வாடிற்று.

“அழகு, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? போய்ப் பேப்பரை அடுக்கு” என்று கடிந்த புவனேசுவரி, அத்தாயை உள்ளறைக்கு அழைத்துச் சென்று நீர் கொடுத்து அமர்த்தினாள்.

“திருடலம்மா. செத்த நேரம் பாத்துட்டு வச்சிரலாம்னுதான்” என்று தொடங்கிய அஜீஸுன்னிசா, அடைத்த மடை உடைந்தாற்போற் பேசினாள். “எம்மக ரஃபியா ஏழாப்புப் படிக்கிறா. கெட்டிக்காரி. பிட்ஸ் வருது, அம்புட்டுத்தான். வந்தா வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு செய்றாக. அவுக அத்தா பட்டறைச் சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறாரு. எங்க மாமி கரண்டியை வச்சு வாயை நெம்பி, புள்ளைக்கு முன்பல்லு ஒடைஞ்சு போச்சு. என்ன செய்யணும்னு தெரிஞ்சாத்தான நான் தடுக்க முடியும்?”

“டாக்டர்ட்டக் கேக்கலையா?”

“மாத்திரை எழுதித் தாராரு. அம்புட்டுக் கூட்டத்துல எங்கிட்டுக் கேக்க? இங்க வந்தா, அந்தப் பலகைக்குக் கீழ நிக்கணும். பேப்பர் படிக்க எங்க தெரு ஆளுகதான் வாராக. நாளைக்கே எம்புள்ளையப் பைத்தியம்னுருவாகம்மா.”

புவனேசுவரி சிற்றேட்டைத் திறந்தாள். வலிப்பு மூளை நரம்புகளைப் பற்றிய நோய் என்று முதற்பக்கமே கூறிற்று. தான் புரட்டாது விட்ட அவ்வொரு பக்கத்தால் ஒரு தாய் மூன்று நாள் அலைந்தாளே என்னும் எண்ணம் நெஞ்சிற் சுட, ஏழு நூல்களையும் மூளை, நரம்பு நோய்களின் பகுப்பிற்கு மாற்றி, முதலுதவிப் பகுப்பிலும் அவற்றிற்கு ஒவ்வொரு குறிப்பு எழுதலானாள்.

“அக்கா, ஏழை மாத்துனா லிஸ்ட்டு முழுக்கத் திருத்தணும். சாயங்காலம் போகாது. மேல இருக்கவுக வைவாக” என்றான், தலை குனிந்து வந்த அழகுராஜா.

“வையட்டும். புரட்டிப் பாக்காம வச்சது நாந்தானே.”

அஜீஸுன்னிசா மெல்லக் கேட்டாள்: “எம்புள்ள புஸ்தகத்தை அங்கேருந்து எடுத்துட்டீக. நல்லாருப்பீக. மிச்சம் கெடக்குற புஸ்தகத்தை யாரும்மா வந்து தொடுவா? அந்த நோவு உள்ள புள்ளைகளுக்கும் ஒரு தாய் இருப்பால்ல?”

புவனேசுவரியின் எழுதுகோல் நின்றது. பிழையெனத் தான் கண்டது ஏழு நூல்களின் இடத்தை மட்டுமே. அப்பலகையே நோயுற்றாரை ஊர்முன் நிறுத்தும் கழுமரமாய்த் தொங்கியதைக் கண்டாளில்லை. முக்காலி இட்டு ஏறித் தானே அதைக் கழற்றினாள். பின் எல்லாப் பலகைகளையும் கழற்றுவித்தாள். கூடத்தை நோக்கி எண்கள் மட்டும் நின்றன. எவ்வெண் எந்நோய்க்குரியது என்னும் விளக்கத்தை அடுக்குகளின் உட்பக்கத்தில், கையெட்டும் தொலைவில் நிற்பார்க்கே புலப்படுமாறு ஒட்டினாள். பட்டியல் அன்று செல்லவில்லை. மறுநாள் விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடுமையான மடல் வந்தது.

பலகைகள் இறங்கிய அன்றே அஜீஸுன்னிசா அந்தச் சிற்றேட்டை மடியில் வைத்து, ‘ஒருக்களித்துக் கிடத்துக, வாயில் ஏதும் வையற்க, கையில் ஏதும் திணியற்க, ஐந்து மணித்துளிக்குமேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரைக’ என்னும் வரிகளை, தொழுகையில் உதடசைப்பாள்போல் மீண்டும் மீண்டும் ஓதி நெஞ்சிற் பதித்துச் சென்றாள்.

ஆறாம் நாள் அவள் மூச்சிரைக்க வந்தாள். “காலையில புள்ள விழுந்துட்டாம்மா. ஒருத்தரையும் கிட்ட விடல. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுக் கடிகாரத்தைப் பாத்தேன். ரெண்டே நிமிசம். முழிச்சவ, ‘ஏம்மா அழுகுறே’ன்னு என்னையவே கேக்குறா!” என்றாள். புவனேசுவரி அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். புவனேசுவரியின் மேசைமேல் மேலிடத்து மடல் இன்னும் விடை எழுதப்படாமற் கிடந்தது.

நோய் தீர்க்கும் ஆற்றல் நூலடுக்கும் கைகளுக்கு இல்லை. எனினும், அறிவை நாடித் துன்புற்றார் நடந்துவரும் பத்தடி வழியில் நாணம் என்னும் முள் கிடவாமற் காப்பதும், எவ்வுயிர்க்கும் தாயாகிய இறைவன் திருமுன் ஏற்கப்படும் ஒரு தொண்டேயாம்.