நிழல் காட்டிய வாசல்

எந்தப் பாதையில் நடந்தாலும் உட்காரப் போட்டிருந்த அந்தப் பச்சை வாங்கே திரும்பவும் எதிரே வந்தது. பார்வை நேரம் வரும்வரை இருக்கலாமென்று நுழைந்த கொழும்புப் பூங்காவில் வழி கேட்க ஒரு மனிதரும் இல்லை. நான்கு மணிக்கு ஐயாத்துரையின் மனைவிக்கு ஆசுபத்திரியில் சத்திரசிகிச்சை. அதற்குமுன் அவள் முகத்தைப் பார்க்கக் கிடைக்காதோ என்று அவன் நடையை எட்டிப் போட்டான்.

"கண்டாவளைக் காட்டிலை தேன் எடுக்கிற ஆளுக்குப் பூந்தோட்டத்திலை வழி தெரியேல்லையோ, அத்தான்?" என்றாள் மனைவியின் தங்கை விமலேஸ்வரி. பகிடிதான், ஆனால் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது.

"காட்டிலை கொப்பு முறிச்சு அடையாளம் வைப்பன். இஞ்சை முறிச்சால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், பிள்ளை."

தலைகுனிந்தவன் தன் நிழலைக் கண்டான். பாதைகள் வளைகின்றன, நிழல் வளையாது. மத்தியானம் திரும்பியபின் உள்ளே வந்தபோது அது முன்னால் விழுந்தது. ஆகவே நிழலை முதுகுப்பக்கம் விட்டு, பாதையை மறந்து, புல்லில் நேரே நடந்தார்கள். உள்ளே வந்த வாசல் வந்தது, தெருவுக்கு அப்பால் ஆசுபத்திரி.