கழற்றி மாட்டும் அட்டை

...ஒரு மூலை உள்ளே போனால் அடுத்த மூலை வெளியே வந்து நிற்கிறது, இதைத்தான் அண்ணன் இரண்டு நிமிஷ வேலை என்றான், "அட்டையை உள்ள சொருகினா முடிஞ்சிச்சுலா அருந்ததி, உனக்குத் தெரியாதா", சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி பிறைக்குப் போய்விட்டான், தொழிற்சாலையில் ஏதோ மெஷின் நின்றுவிட்டதாம். நாளைக்கு அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள், அந்தியேட்டி, மூத்த பிள்ளை அவன்தான் காரியம் செய்ய வேண்டும், ஆனால் மெஷின் நின்றால் அவனுக்குப் பொறுக்காது. நான் இங்கே பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில், காலையில் இருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நோட்டுப் புத்தகம்... அதுவே எனக்கு எரிச்சல். நம் ஆட்களுக்கு வழக்கம் என்ன, அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு நினைவுமலர் கொடுப்பது, இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, நாலு தேவாரம், முடிந்தது. அண்ணனுக்கு அது பழசாம். "அதை யாரும் படிக்கிறதில்லலா, எல்லாம் ஸ்டோர் ரூமுக்குத்தான் போகும், நோட்டுபுக்கா கொடுத்தா யூஸ் பண்ணுவாங்க", முன்னால் எட்டுப் பக்கம் தேவாரம், பின்னால் முழுக்கக் கோடு போட்ட வெற்றுத்தாள், ஓரத்தில் கம்பிச் சுருள், தொழிற்சாலையில் வருடக் கடைசி விருந்துக்குக் கொடுப்பார்களே, அதேதான். துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க் வேலை பார்த்த என் அப்பா தம்புவின் சாவுக்கு ஒரு விருந்துப் பரிசு, மீன் என்ன விலை, கோழி என்ன விலை என்று அப்பாவின் முகத்துக்குப் பின்னால் எழுதிக்கொள்ளலாம்.

அதைக்கூட மன்னித்துவிட்டேன். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அன்றைக்கு ஒன்றை எடுத்து அட்டையைப் பார்த்தேனே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு பினாங்கு ரோடு ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம், நடுவில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, பின்னால் அண்ணன், நான்... அவ்வளவுதான். தங்கை குணம் இல்லை. இடது ஓரத்தில், அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நீலச் சேலை கட்டிக்கொண்டு நின்றவளை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்கள், வெட்டத் தெரியாமல் வெட்டி, நாற்காலியின் மேல் அவளுடைய நாலு விரலை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆள் இல்லாமல் நாலு விரல். அண்ணனைக் கேட்டால், "மாமி வர்றாங்கலா, அத்தனை பேர் முன்னால அவங்க எழுந்து போயிட்டா யாருக்கு அசிங்கம், விரலை எல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க" என்றான். யாரும் பார்க்கமாட்டார்கள், சரி, நான் பார்த்தேனே, நாளைக்குக் கோயில் மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாக வாங்கும்போது குணம் பார்ப்பாளே, அவளுடைய விரல் அவளுக்குத் தெரியாதா. அதற்கும் பதில் வைத்திருந்தான், அவளுக்குப் புரியுமாம். பிறகு இரண்டு நாள் கழித்து இந்த அட்டையைக் கொண்டுவந்தான், வெட்டாத முழுப் படத்தோடு, பிளாஸ்டிக் போட்டு, இரண்டு பக்கமும் உள்ளே மடிப்பு வைத்து, ஒன்றே ஒன்று. அம்மாவின் புத்தகத்துக்கு மட்டும். வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், ஆட்கள் வந்தால் கழற்றி வைத்துவிடலாம். இவ்வளவு யோசிக்கிற மூளை உனக்கு எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன், சிரித்தான், பாராட்டு என்று நினைத்துக்கொண்டான் போல.

அந்த நீலச் சேலை என்னுடையது. ஸ்டூடியோவுக்குப் போகிற அன்று காலையில்தான் அவள் பிடிவாதம் பிடித்தாள், எனக்கு அக்காவின் சேலைதான் வேண்டும் என்று, நான் திட்டிக்கொண்டே கட்டிவிட்டேன், படக்காரன் கையைக் கீழே விடச் சொன்னான், அவள் விடவில்லை, அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் இரண்டு வருடத்தில் கல்யாணம், பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் சந்திரசேகரன், நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் அவருடைய அம்மா நல்லம்மாள் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் புல் வெட்டுகிறவள், அது போதுமே. யாழ்ப்பாணத்தில் நமக்கு வீடு எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாது, மூன்று தலைமுறையாய் இந்தத் தீவில் பஸ் ஏறி இறங்குகிறோம், ஆனால் தோட்டத்து ஆள் என்றால் மட்டும் மூக்கு எங்கிருந்தோ மேலே போய்விடும். வடிவம்மாள் மாமி, அப்பாவின் அக்கா, கோலாலம்பூரில் இருந்து சொல்லி அனுப்பினாள், அவள் படம் இருக்கிற வீட்டில் நான் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன் என்று. அந்தக் குடும்பப் படம் ஹாலில் அதே ஆணியில் தொங்கியது. மாமி வருகிற நாட்களில் மட்டும் அந்த ஆணியில் சீனர் கடைக் காலண்டர் தொங்கும், அவள் போனதும் படம் திரும்ப வந்துவிடும், அப்பாதான் சண்டை வேண்டாம் என்று இறக்கியிருப்பார், பாவம், அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் திரும்ப மாட்டுகிற தைரியம் இருந்தது, அண்ணனுக்கு அதுவும் இல்லை. இப்போதும் அங்கே காலண்டர்தான், படத்தைக் கண்ணாடி பிரித்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனவன் திருப்பிக் கொண்டுவரவில்லை.

பக்கத்து வீட்டில் இறால் பெலாச்சான் வறுக்கிறார்கள். முப்பது நாளாக மரக்கறி தின்கிற வீட்டுக்கு அந்த வாசனை வந்தால் எப்படி இருக்கும், அவர்களுக்கு என்ன தெரியும், அவர்களைக் கோபித்து என்ன செய்ய. ஜன்னலைச் சாத்தினேன், புழுங்குகிறது, திறந்தேன். எங்கே விட்டேன்... மடிப்பு. முன் அட்டையை உள்ளே தள்ளியாகிவிட்டது, பின் அட்டையும் ஒரு வழியாக நுழைந்துவிட்டது, நடுவில் கம்பிச் சுருள் வயிறு மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது, இருக்கட்டும். திறந்து பார்த்தேன், திறக்கிறது. ஆனால் அம்மா இப்படியா படிப்பாள், படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து, புத்தகத்தைப் பின்னால் முழுக்க மடித்து ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டல்லவா படிப்பாள், கம்பி போட்ட புத்தகத்தில் இருக்கிற ஒரே வசதி அதுதானே. மடித்தேன், அட்டை படக்கென்று கழன்று மடியில் விழுந்தது, கீழே நாலு விரல். மறுபடி மாட்டி மறுபடி மடித்தேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஒரு முழு அட்டையைச் சுற்றிப் போட்டால் அது பின்னால் மடியாது என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், எஞ்சினியருக்குத் தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு தடவை தேவாரம் படிக்கும்போதும் முழுக் குடும்பம் கழன்று விழும், குணம் இல்லாத குடும்பம் வெளியே வரும், தினம் காலையும் மாலையும். இதற்கா அவன் பெருமைப்பட்டுக்கொண்டான்.

அப்பாவின் பிஸ்கட் டின்னில் குறடு இருந்தது, கோணூசியும் இருந்தது. நான் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. சுருளின் நுனியை உள்ளே கொக்கியாக வளைத்திருப்பார்கள், அதைக் குறட்டால் நிமிர்த்திவிட்டால் போதும், திருகத் திருகக் கம்பி ஒவ்வொரு ஓட்டையாக வெளியே வருகிறது, பாம்பு பிடிக்கிறவன் மாதிரி நான் அதை இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் அட்டையில் மடிப்பை எல்லாம் கத்தரித்தேன், முன்பக்கத்தை மட்டும் எடுத்தேன், குணம் நிற்கிற பக்கத்தில் கம்பிக்கு இடம் விட்டு, வெட்டுப்பட்ட அட்டையை அதன் மேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை கோணூசியால் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை எழுத முடியாது. மாமிக்குச் சில, அண்ணனுக்கு நிறைய, மண்டபத்தில் கூட்டமாக இருக்கும், நீ காலையிலேயே வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு அப்புறம் மெதுவா வா என்று குணத்துக்குப் போன் செய்தானே, அதற்கு மட்டும் ஏழெட்டு. கூட்டமாம், யாருடைய அப்பாவுக்குக் கூட்டம். பிறகு கம்பியைத் திரும்பத் திருகி ஏற்றினேன், நுனியை வளைத்து அழுத்தினேன். மடித்துப் பார்த்தேன், மடிகிறது. உதறிப் பார்த்தேன், விழவில்லை. இனிமேல் யார் வந்தாலும் கழற்ற முடியாது. பழைய அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டபோது மனசு கொஞ்சம் ஆறியது, இத்தனை நாளில் முதல் தடவை.

அம்மா தூங்கி எழுந்து வந்தாள். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு, இந்த ஒரு மாதத்தில் கழுத்து எலும்பு தெரிகிறது. புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தாள், குணத்தின் முகத்தை விரலால் ஒரு தடவை தடவினாள், கண் நிறைந்துவிட்டது, நான் நினைத்தேன், இதற்காகத்தான், அண்ணன் வந்து என்ன கத்தினாலும் கத்தட்டும், இதற்காகத்தான். பிறகு அவள் அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை.

"பிள்ளை, இது கழட்ட ஏலாதோ?"

"ஏலாதம்மா. கம்பியில கோத்துட்டேன்."

"கழட்டுற மாதிரி எல்லோ நான் அண்ணனிட்டச் சொன்னனான்." குரலில் கோபம் இல்லை, சீனி தீர்ந்துபோய்விட்டது என்று சொல்கிற குரல். "மற்றப் பழைய அட்டை எங்க?"

கிழித்துவிட்டேன் என்றேன், மற்றப் புத்தகங்கள் எல்லாம் நேற்றே பெட்டியோடு மண்டபத்துக்குப் போய்விட்டன. நீங்கள் சொன்னீர்களா, நீங்களா, அண்ணனிடம் வெட்டச் சொன்னதும் நீங்கள்தானா, இதில் எதைக் கேட்டேன், எதை மனசுக்குள் கேட்டேன் என்று தெரியவில்லை. "வடிவம்மாள் மச்சாள் வந்து இஞ்ச ஒரு வாரம் நிப்பா பிள்ளை, இந்த மேசையிலதான் சாப்பிடுவா. உங்கட அப்பாவும் இல்ல. நான் இனி ஆரோட சண்டை பிடிக்கிறது." சொல்லிக்கொண்டே ஹாலுக்குப் போனாள், காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. தாளோடு வந்து உட்கார்ந்தாள், பளபளப்பான வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி வைத்தாள், முன்னுக்கு ஒரு துண்டு, பின்னுக்கு ஒரு துண்டு, கம்பியைத் தொடாமல் தனித்தனியாக மடித்து அட்டையில் சொருகினாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் எங்கள் மூன்று பேருடைய புத்தகங்களுக்கும் இப்படித்தான் உறை போடுவாள், அப்பா பக்கத்தில் இருந்து பெயர் எழுதுவார். புத்தகத்தைப் பின்னால் மடித்துப் பார்த்தாள். அழகாக மடிந்தது. நான் ஒரு மத்தியானம் முழுக்கப் போராடிய வேலை அவளுக்கு இரண்டு நிமிஷம்தான், குணம் போய்விட்டாள், நான் போய்விட்டேன், அப்பாவும் போய்விட்டார், வெள்ளைத் தாள், உள்ளே மங்கலாகப் பெரிய சிவப்பு எண்கள்.

கத்த வேண்டும்போல இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது, அந்தக் கழுத்து எலும்பைப் பார்த்தா. "ஹாலில இருந்த படத்தையும் நீங்கதான் இறக்குவீங்களா?" என்றேன், என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா தாளின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். "ஓம். நான் கழட்டுவன். மச்சாள் போன பிறகு அவர் மாட்டுவார். ஒரு நாளும் அவர் என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல." எழுந்து புத்தகத்தைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள். கீழே பஸ் வந்து நின்று போனது, பெலாச்சான் வாசனை இன்னும் போகவில்லை, குறடு என் கையிலேயே இருந்தது. இத்தனை வருடம் நான் ஆளை மாற்றி வைத்து இரக்கப்பட்டிருக்கிறேன், ஒரு மாதமாக ஆளை மாற்றி வைத்துக் கோபப்பட்டிருக்கிறேன், அண்ணனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எல்லாம் தன் முடிவு என்றல்லவா நின்றான், அவனையும் முழுதாகத் திட்ட முடியாமல் போய்விட்டது. நாளைக் காலையில் சந்திரசேகரனின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து குணம் வந்துவிடுவாள், அம்மா உங்கட புத்தகத்தைக் காட்டுங்கோ என்பாள், அம்மா அப்போது தாளை உருவிவிட்டுக் காட்டுவாளா, மாமி ரயிலில் இருந்து இறங்குவதற்குள் திரும்பச் சொருகிவிடுவாளா, சரி, சொருகட்டும், ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்... மாமி போன பிறகு கழற்ற வேண்டியதைக் கழற்றி மாட்ட வேண்டியதை மாட்ட ஒருவர் இருந்தார், வாயைத் திறக்காமல் செய்துவிட்டுப் போய்விட்டார், நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன், அம்மா குழாயை மூடிவிட்டு "பிள்ளை, காப்பி குடிச்சனியோ" என்று கேட்டாள்.