தண்டபாணி வளர்த்த பூசணம்

என் வீட்டுக்காரர் தண்டபாணிக்கு ஆபீஸில் பூசணம் வளர்ப்பதுதான் வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ராணுவத்துக்குப் போகும் கருவிகளை ஒரு அறைக்குள் பூட்டி, வேண்டுமென்றே பூசணம் பிடிக்கவைத்து, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் குடியிருக்கும் மல்காஜ்கிரி வீட்டில், ஒரு வாரம் விடாமல் பெய்த மழையில், பின்னறைச் சுவர் கறுத்துப்போனது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த அறை எங்கள் மகள் சுபாஸ்ரீக்காக ஒழித்துவைத்தது. கணவரோடு வெளியூரில் இருப்பவள், தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்கு வீசிங் உண்டு; பூசணம் பிடித்த அறையில் படுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயம் எப்படியோ தெரிந்து, அவள் மாமியார் திரிபுரசுந்தரி பக்கத்திலிருக்கும் திருமுல்கேரியிலிருந்து போன் செய்தார்.

"உங்க வீட்ல சுவரெல்லாம் ஓதமாமே. ரிஸ்க் நக்கோ, வேணவே வேணாம் சம்பந்தி. எங்க வீடு காஞ்சு கிடக்கு, இங்கேயே பிரசவத்தை வெச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை வந்து ரூமைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்."

பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலா?

"பூசணத்தைப் பத்தி எனக்கா சொல்லித் தரணும்? விடு வசந்தா," என்றார் இவர். சுவரைத் துடைத்தார். ஈரக்காற்று உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். ரூம் ஹீட்டரைப் போட்டார். கறை தெரியாமலிருக்க பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். நானும் சும்மா இருக்கவில்லை. குழந்தைத் துணிக்காக அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து அலசி வைத்திருந்தேன். மழையில் எங்கே உலர்த்துவது? அந்த அறையிலேயே கொடி கட்டி வரிசையாகப் போட்டுக் கதவைச் சாத்தினேன். நல்ல யோசனை என்று அவரே மெச்சினார்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஆரம்பித்த கறுப்பு, சீலிங் வரை ஏறியிருந்தது.

"ஏங்க, ஆபீஸ்ல இது வளரணும்னா என்ன பண்ணுவீங்க?"

"அதுவா, சிம்பிள். ரூமை இறுக்கி மூடணும். கதகதப்பா வெக்கணும். ஈரம் குறையவே விடக்கூடாது. காத்து..."

குரல் இறங்கிவிட்டது. ஹீட்டரைப் பார்த்தார். ஈர வேட்டிகளைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார்.

"சொல்லுங்க. காத்து?"

"வரவே கூடாது," என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பந்தி வந்து மோந்து பார்த்தால் பெண் கையை விட்டுப் போய்விடுவாளே என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

டேப்பை உரித்து ஜன்னலைத் திறந்தோம். இவர் குடையோடு வெளியே போய் சன்ஷேடை எட்டிப் பார்த்தார். சருகு அடைத்துக்கொண்டு தண்ணீர் குளமாக நின்றது. அதுதான் நைசாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. குச்சியால் குத்திவிட்டதும் கொட்டித் தீர்த்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்து, உப்பிய பெயின்ட்டைச் சுரண்டினோம். பீரோவை ஒரு சாண் தள்ளி வைத்தோம். வேட்டித் துணிகள் ஹாலுக்குப் போயின. சனிக்கிழமை வெயிலும் எட்டிப் பார்த்ததில், சுவர் சொட்டை சொட்டையாக, ஆனால் காய்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வந்த சம்பந்தி மோந்து பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். யாரும் கேட்காமலே இவர் வாயைத் திறந்தார்.

"இருந்துச்சு சம்பந்தியம்மா. நான்தான் ஹீட்டரெல்லாம் போட்டு இன்னும் நல்லா வளர்த்துவிட்டேன்."

நான் முறைத்தேன். சம்பந்தி கட்டிலில் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

"பீரோவைத் தள்ளி வெக்கணும்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எங்க வீட்லயும் இதே கதைதான். சுவர் பூரா காலண்டரா மாட்டி மறைச்சிருக்கேன். எனக்கே இருமல் நிக்கல."

"காஞ்சு கிடக்குன்னீங்களே?" என்றேன்.

"ஹவ், ஆமா, சொன்னேன். பேரப்பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கணும்னு ஆசை, வேறென்ன." என் பக்கம் திரும்பினார். "எங்க வீடு காயற வரைக்கும் நானும் இங்கேயே இருந்துக்கட்டுமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். மறுநாள் சுபாஸ்ரீ வந்து இறங்கியபோது, அவளுக்கு முன்பே பெட்டியோடு வந்துவிட்ட மாமியார் பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.