சின்னவன் மகன் இராஜரட்ணம்

மனோரஞ்சிதம் கணவனின் கழுத்திலிருந்து டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மல்வேர்னிலிருந்து மூன்று பஸ் மாறி வேலைக்குப் போய்வந்த மனிதர், ஐம்பத்திரண்டு வயது வரை டை கட்டியதில்லை. சவப்பெட்டிக்குள் கிடக்கும்போது மட்டும் எதற்கு? முடிச்சு அவிழ்ந்ததும் இராஜரட்ணம் பழையபடி அவளுக்குத் தெரிந்த மனிதரானார்.

“அம்மா, இதைப் பாருங்கோ.” மகள் நிஷாந்தி அந்த வாரத்துத் தமிழ்ப் பத்திரிகையை நீட்டினாள். “அப்பப்பான்ரை நேம் இது இல்லையே?”

மரண அறிவித்தலில் படம் நன்றாகத்தான் இருந்தது. கீழே, ‘கிழக்குவளவைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற சின்னத்தம்பிப்பிள்ளையின் அன்பு மகன்’ என்றிருந்தது.

கிழக்குவளவு அவளுடைய ஊர். இராஜரட்ணம் பிறந்தது வயலுக்கு அப்பால், கொட்டிலடியில். மாமனாரின் பெயர் வெறும் சின்னவன். கொட்டிலடியில் பிறந்தவர்கள் ‘பிள்ளை’ என்று முடிகிற பெயர் வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் கிழக்குவளவார் விட்டதில்லை. பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

அறிவித்தலைக் கொடுத்தவர் யூனியன்வில்லில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகேஸ்வரன். அவளுடைய கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தியவர். இருபத்தேழு வருடம் கழித்து, முந்தாநாள் வாசலில் வந்து நின்று “எல்லாம் நான் பாக்கிறன்” என்றபோது அவள் குழந்தைபோல அழுதாள்.

மண்டபத்தின் முன்வரிசையில் இருந்த அண்ணனிடம் பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினாள். “அண்ணை, உது ஆற்றை பேர்?”

“உன்ரை மாமன்ரை பேர்தான். கொஞ்சம் வடிவாப் போட்டிருக்கிறன்.” குரலைத் தாழ்த்தினார். “நாலு சனம் பாக்கிற பேப்பர், ரஞ்சி. நாளைக்கு உவள் நிஷாந்திக்குச் சம்மந்தம் பேச வேண்டாமே?”

“ஊரையும் மாத்திப்போட்டியள்.”

“இஞ்சை ஆருக்கு என்ன தெரியும்? பேசாமல் இரு. இவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் வந்து நிக்கிறன்.”

வந்ததுபோலவே போகவும் முடியும் என்பதுதான் அதன் பொருள். மனோரஞ்சிதத்துக்கு அது நன்றாக விளங்கியது. அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே கூடப்பிறந்தவர் அவர். பெட்டியருகே திரும்பி வந்தாள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் கடைசி வருடம். கோயிலுக்குள் விடச் சொல்லிக் கொட்டிலடிச் சனம் வாசலில் குந்தியிருந்தது. கதவுக்குச் சங்கிலி போட்டவர் அவளுடைய அப்பா. தடியோடு காவல் நின்றவர்களில் அண்ணனும் ஒருவர். கல்லூரி விட்டு அந்த வழியால் வருகிறவளுக்கு முதல் வாரம் பயமாக இருந்தது, இரண்டாம் வாரம் வெட்கமாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு நாள், புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி அந்தச் சனத்தோடு குந்தியிருக்கப் போனாள். நெற்றியில் கட்டுப்போட்ட ஒருவன் தோளில் கிடந்த துவாயை விரித்துவிட்டுத் தள்ளியிருந்தான். “மண் சுடும். இதிலை இருங்கோ,” என்றான். அவன்தான் இராஜரட்ணம்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அவள் பழைய மனோரஞ்சிதம் இல்லை. அப்பாவும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் கெட்ட வார்த்தைகளோடு.

ஐயர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கிரியைக்குத் தகப்பன் பெயர் வேண்டும். எதற்கு வீண் கேள்வி என்று மடியில் கிடந்த பத்திரிகையைப் பார்த்தே தொடங்கினார். “சின்னத்தம்பிப்பிள்ளை புத்திரன்…”

“ஐயா, நிப்பாட்டுங்கோ.”

மண்டபம் நிறைய மல்வேர்ன், மோர்னிங்சைட் சனம். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. மனோரஞ்சிதம் பெட்டியருகே நின்றபடியே சொன்னாள்.

“அந்தப் பேர் பிழை. இவர் கிழக்குவளவும் இல்லை. கொட்டிலடிச் சின்னவன்ரை மகன். சின்னவன் ஆரெண்டு தெரியாதவை கேளுங்கோ, நான் சொல்லுறன்.”

ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசையில் சுவரோடு ஒட்டியிருந்த இரண்டு கொட்டிலடிக் கிழவர்கள் மட்டும் நேராக நிமிர்ந்து இருந்தார்கள்.

“ஓம் ஐயா, சின்னவன்,” என்றாள் நிஷாந்தி, தாயின் பக்கத்தில் வந்து நின்று.

ஐயர் அனுபவசாலி. பத்திரிகையை மடித்துக் கீழே வைத்துவிட்டு, “சின்னவன் புத்திரன் இராஜரட்ணம்” என்று முதலிலிருந்து தொடங்கினார்.

மகேஸ்வரன் எழுந்து கோட்டுகள் தொங்கிய பக்கம் போனார். அவள் பார்த்தாள். வலித்தது. ஆனாலும் பிழையான பெயரோடு இராஜரட்ணத்தை நெருப்புக்கு அனுப்ப அவளால் முடியாது.

வாய்க்கரிசி தொடங்கியது. அது சொந்தக்காரர் போடுவது. அவளுடைய குடும்பத்தில் யாரும் கொட்டிலடியில் ஒரு சாவீட்டு வாசற்படலையைக்கூடத் தாண்டியதில்லை. நிஷாந்தி போட்டாள். இராஜரட்ணத்தின் தங்கைமார் அழுதுகொண்டே போட்டார்கள். வரிசை முடிந்தது.

“வேறை ஆரும் சொந்தக்காரர் இருக்கிறியளோ?” என்றார் ஐயர்.

கதவடியில் மகேஸ்வரன் கோட்டை மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையில் போட்டாகிவிட்டது, மற்றதைப் பிடித்தபடி நின்றவர் அதைக் கோட்டுப் பைக்குள் திணித்தார். இரண்டு பக்கத்துக் கதிரைகளுக்கும் நடுவே மெதுவாக நடந்து வந்து, வெறுங்கையை அரிசித் தட்டுக்குள் விட்டார்.

மனோரஞ்சிதம் பெட்டியருகே கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள்.