சைக்கிள் மிதிக்கிற கால்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. விழுப்புரத்தில் நண்பர்கள் நடத்தும் மாத இதழுக்கு, நடப்பதைவிட சைக்கிள் மிதிக்க ஏன் குறைந்த சக்தி போதும் என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இப்படி ஆரம்பித்தேன்:

'நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடம்பை நாமே சற்றுத் தூக்கி இறக்குகிறோம். கால் ஊன்றும்போதெல்லாம் வேகம் குறைகிறது, மறுபடி உந்துகிறோம். சைக்கிளில் உடம்பை இருக்கை சுமக்கிறது. சமதரையில் அதே தெம்புக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம்...'

அங்கேயே நிற்கிறது. எதிர்வீட்டு கிளாரா வந்துவிட்டாள்.

2

'திண்டிவனத்துச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்...'

வேண்டாம். கிளாரா எதையும் கிழிப்பவள் அல்ல. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை எடுத்துப் போடுபவள். இருதய வால்வில் கோளாறு. கொஞ்சம் நடந்தாலே மூச்சு இரைக்கும். பில் போடும் இடத்தில் உட்காரும் வேலை கேட்டிருக்கிறாள். மேற்பார்வையாளர் சுப்பராயலு, அவள் சைக்கிளில் வந்து இறங்குவதைத் தினமும் பார்ப்பவர்.

“நடக்க முடியலன்ற. சைக்கிள் மிதிக்கிற காலு நடக்காதாம்மா?”

“மெதுவா மிதிச்சா இரைக்கல சார். டாக்டர் சீட்டு வச்சிருக்கேன்.”

“சீட்டு யார் வேணா வாங்கலாம். என் எதிருல மாடி ஏறிக் காட்டு, பாக்கலாம்.”

(சுப்பராயலுவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவரும் காலையிலிருந்து நிற்பவர்தான். அவருக்கும் அங்கே நாற்காலி கிடையாது.)

3

கட்டுரையின் பாதியைப் படித்துக் காட்டினேன்.

“அதேதாண்ணா,” என்றாள். “மிதிக்காம விட்டாலும் வண்டி போய்க்கினே இருக்குது. அந்த நேரத்துல மூச்சு வாங்கிக்கிறேன். நடக்கிறப்ப நின்னா, நின்னதுதான்.”

“மாடி ஏறினியா?”

“பாதியிலேயே நெஞ்சைப் பிடிச்சிக்கினு உக்காந்துட்டேன். நடிக்கிறேன்னாரு.”

“வேலை?”

“போன்னு சொல்லல. நாளைக்கும் நிக்கணும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். சலித்துப்போய்ச் சொன்னாள்.

4

முடிவு: மறுநாள் கிளாரா மாடி உச்சி வரை ஏறுகிறாள். மயங்கி விழுகிறாள். சுப்பராயலு பதறி ஆட்டோ கூப்பிடுகிறார். அவள் திரும்பி வரும்போது நாற்காலி காத்திருக்கிறது.

இதையும் படித்துக் காட்டினேன். கிளாரா கடைசி வரை கேட்டாள்.

“ஒரு நாற்காலி குடுக்கிறதுக்கு என்னை இன்னொரு தபா ஏத்துறீங்களாண்ணா?”

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

வேறு முடிவு: நானே கடைக்குப் போய், கட்டுரையை சுப்பராயலுவிடம் நீட்டி... இல்லை. அவர் என்னைப் பார்க்கும் பார்வைக்கு மேல் பேனா நகரவில்லை.

நாளைக் காலை கடை திறந்துவிடும். கிளாரா எதையும் ஏறிக் காட்டாமலே அவளை உட்கார வைக்கிற ஒரு வாக்கியம் எனக்கு அகப்படவில்லை. அலுத்துவிட்டது. உங்களுக்கு அகப்பட்டால் எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். கடைக்குப் போய்ச் சொல்லுங்கள்.